ஆள் நிற்கும்போது மட்டும்

நடந்தவை, வரிசையாக:

1. டெல்லியில் ஒரு சந்தைக்கு வெளியே வித்தை காட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் குரங்கைப் பறிமுதல் செய்தார்கள்.
2. வழக்கு முடியும்வரை அதை நகரத்தின் தெற்கு ஓரத்தில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்தில், தனிக் கூண்டில் வைத்தார்கள்.
3. அது தன்னுடைய இடது முன்கையைத் தானே கடித்துக்கொள்ளத் தொடங்கியது.
4. விலங்கு நடத்தையும் நலனும் என்ற முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருந்த நான், ஆய்வேட்டுக்கு அந்தக் குரங்கை எடுத்துக்கொண்டேன்.
5. கூண்டுக்குள் சில பொருள்களைக் கொடுத்தேன். கடிப்பது குறைந்துவிட்டதாக இடைக்கால அறிக்கை எழுதினேன்.
6. அந்த அறிக்கையை வைத்து, குரங்கு தனியாகவே இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.
7. கடிப்பது குறையவில்லை.

எதையும் வரிசை போட்டு எழுதுவது என் பழக்கம். மளிகைக் கடைக்குப் போனாலும் எண் போட்டுத்தான் போவேன். ஆனால் ஐந்தாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவில் இருப்பதற்கு எண் போட முடியவில்லை. அதனால் மீதியைச் சாதாரணமாக எழுதுகிறேன்.

நான் படித்த படிப்புக்கு எங்கள் வீட்டில் கடைசிவரை ஒரு பெயர் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு அமைச்சகத்தில் வேலை. லோதி ரோட்டில் குவார்ட்டர்ஸ். தென்காசியிலிருந்து பெரியப்பா போன் செய்தால் அப்பா, "வெட்னரி மாதிரி" என்று சொல்லிவிடுவார்.

"மாதிரின்னா? ஊசி போடுவாளா?"

"ஊசில்லாம் போட மாட்டா. உக்காந்து பாப்பா."

"பாத்து?"

"பாத்து எழுதுவா. மனுசன் வெல்ஃபேரே எங்க செக்‌ஷன்ல வருசக்கணக்கா ஃபைல்ல கெடக்கு. இவ மாட்டுக்கும் கொரங்குக்கும் பாக்கப் போறா."

கேலிதான். ஆனாலும் என் படிப்பைப் பற்றி அப்பா சொன்னதைவிடச் சரியாக வேறு யாரும் சொன்னதில்லை. உட்கார்ந்து பார்ப்பதும் எழுதுவதும்தான் வேலை.

எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் முதல் பருவம் முழுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு என் ஆய்வுக்கு வழிகாட்டியாக வந்த மேடம்தான் அந்தப் பாடத்தை எடுத்தார். 'நாய் பயந்தது' என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவார். "பயத்தைப் பார்த்தாயா? அது எந்தப் பக்கம் நின்றது?" என்று கேட்பார். காது பின்னால் படிந்திருந்தது, வால் காலிடுக்கில் இருந்தது, உடம்பின் எடை பின்னங்கால்களில் இருந்தது என்று எழுத வேண்டும். பார்க்கப் போவதற்கு முன்பே அட்டவணை தயாராக இருக்கும். நடத்தல், உண்ணுதல், உட்கார்ந்திருத்தல், சொறிதல், பொருளைக் கையாளுதல், தன்னைத் தானே கடித்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அந்தக் கணத்தில் விலங்கு என்ன செய்கிறதோ அதற்கு நேராக ஒரு கோடு போட வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. டெல்லியில் விலங்கின் மனதில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அனுமாருக்கு உகந்த நாள் என்று செவ்வாய்க்கிழமை குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்து, அது ஆசீர்வாதம் செய்தது என்று சொல்கிறவர்கள், புதன்கிழமை அது மொட்டைமாடித் துணியை இழுத்தால், திமிர் பிடித்தது என்று கல்லை எடுப்பார்கள். இந்த இரண்டுக்கும் வெளியே ஒரு அட்டவணையோடு உட்கார்ந்திருப்பது நிம்மதியாக இருந்தது.

காப்பகத்துக்கு ஒரு பஸ், பிறகு ஒரு இ-ரிக்‌ஷா. உள்ளே நுழைந்ததும் அடிபட்ட நாய்கள், அதைத் தாண்டி மாடுகள், கடைசியில் சுவரோரமாகக் குரங்குகள். பெரிய கூண்டில் சில பெண் குரங்குகள் சேர்ந்திருந்தன. எல்லாமே வித்தைக்காரர்களிடமிருந்து வந்தவை. அவற்றை மெல்ல மெல்ல ஒரு கூட்டமாகப் பழக்கி, மழைக்காலத்துக்கு முன்னால் டெல்லிக்கு வெளியே ஒரு பெரிய திறந்தவெளி அடைப்புக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பாதைக்கு இந்தப் பக்கம், தனியாக, என்னுடைய குரங்கு.

அதை ஏன் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று காப்பகத்தின் பொறுப்பு டாக்டரிடம் கேட்டேன். வயதானவர். எல்லோரையும் பேட்டா என்பார்.

"சேர்த்துப் பார்த்தோம் பேட்டா. வந்த வாரமே உள்ளே விட்டோம். அந்தக் கூட்டத்துப் பெரியவள் முறைச்சுக்கிட்டு வந்தாள். இது என்ன பண்ணிச்சு தெரியுமா? எழுந்து ரெண்டு காலில் நின்னு, அவளைப் பார்த்து நமஸ்தே பண்ணிச்சு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பெரிய குரங்கு முறைத்தால் சின்னது பார்வையைத் திருப்ப வேண்டும், பல்லை இளித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்துக் கயிற்றில் கட்டிவிட்டதால் இந்தக் குரங்குக்கு அது எதுவும் தெரியவில்லை. தெரிந்த மரியாதையைச் செய்தது. பெரியவள் அதன் தோளைக் கிழித்துவிட்டாள்.

"இது கேஸ் ப்ராப்பர்ட்டி. வழக்கு முடியறதுக்குள்ளே ஏதாவது ஆச்சுன்னா நான்தான் கோர்ட்டில் கைகட்டி நிற்கணும். அதனால் தனி."

ஆனால் வழி இருந்தது. இரண்டு கூண்டுகளையும் நடுவில் கம்பிவலை மட்டும் இருக்கும்படி ஒட்டிவைத்து, வாரக்கணக்கில் ஒன்றையொன்று பார்க்கவிட்டு, பிறகு சேர்க்கலாம். அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி கேட்க ஒரு காரணம் வேண்டும். முதலில் கடிப்பதை நிறுத்தினால், குரங்கு தேறிவிட்டது, கூட்டத்தில் சேர்க்கத் தகுதியாகிவிட்டது என்று காட்டலாம் என்பது என் திட்டம். கூட்டத்தை ஏற்றிப்போகும் வண்டி கிளம்புவதற்குள் அதையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். ஆய்வேட்டில் இதை நோக்கம் என்ற தலைப்பின் கீழ் வேறு சொற்களில் எழுதியிருந்தேன். மனதில் இருந்தது இதுதான்.

கூண்டு கழுவ ஒரு அக்கா வருவார். விழுப்புரம் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து டெல்லியில் ஒரு குடிசைப் பகுதியில் இருக்கிறார். நான் அம்மாவிடம் போனில் பேசியதைக் கேட்டு, துடைப்பத்தோடு வந்து நின்றார்.

"நீங்க நம்மாளா? சொல்லவே இல்ல பாருங்க. ஹிந்தி பேசிப் பேசி என் வாயே கோணிக்கிச்சு."

"தென்காசி அக்கா."

"எந்தக் காசியோ. தமிழ் பேசினா செரி. அது என்னா எழுதறீங்க அதையே பாத்துப் பாத்து?"

"அது என்ன செய்யுதுன்னு."

"அது என்னா செய்யும்? கெடக்கும்."

அப்போது அது உண்மையில் கிடக்கத்தான் செய்தது. மூலையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடும். திடீரென்று இடது கையைத் தூக்கி, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கடிக்கும். முதல் சில வாரங்கள் நான் தூரத்தில், மாட்டுத் தொழுவத்தின் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினேன். பொருள்கள் கொடுக்கத் தொடங்கியதும் கூண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். அது எதை எப்படிக் கையாள்கிறது என்று தூரத்திலிருந்து தெரியாது என்பது காரணம். அந்த இடமாற்றத்தை நானும் பெரிதாக நினைக்கவில்லை, மேடமும் கேட்கவில்லை.

ஓட்டை போட்ட மூங்கில் குழாய்க்குள் கடலை வைத்துக் கொடுத்தேன். கயிறு கட்டிய மரத்துண்டு கொடுத்தேன். அதிகம் தொடவில்லை. துணி கொடுத்துப் பார் என்றார் மேடம். வீட்டில் பழைய தலையணை உறை ஒன்றை எடுத்தேன்.

"ஏட்டி, அதையா கொண்டு போற? கிழிஞ்சிருக்கு."

"குரங்குக்கும்மா."

"கொரங்குக்குன்னாலும் பாக்கறவ என்ன நெனைப்பாவ? தமிழ்க்காரி வீட்டுல கிழிஞ்ச உறதான் கெடக்குன்னு சொல்ல மாட்டாவளா? இந்தா, நீலத்த எடுத்துட்டுப் போ. தொவச்சு வச்சிருக்கேன்."

நீல உறையைக் கம்பி வழியாக உள்ளே விட்டேன். குரங்கு அதை எடுத்து மோந்து பார்த்தது. பிறகு தலைமேல் போட்டுக்கொண்டது. இரண்டு கையாலும் தாடைக்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, எழுந்து இரண்டு காலில் நின்று, என் பக்கம் திரும்பியது.

அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்.

"அடியாத்தீ! முக்காடு போட்டுக்கிட்டா பாருங்களேன். மருமவளே, மாமியா வரலடி, இந்தப் பாப்பாதான் வந்திருக்கு." மடியிலிருந்து மல்லாட்டையை எடுத்து இரண்டு கடலையை உள்ளே போட்டார். குரங்கு கடலையை எடுத்துக்கொண்டு கைகூப்பியது. அன்றிலிருந்து அதற்கு மருமவ என்று பெயர்.

நான் அட்டவணையைப் பார்த்தேன். 'பொருளைக் கையாளுதல்' என்பதற்கு நேராகக் கோடு போட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகச் சரியானது. நான் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் குரங்கு ஏதாவது செய்துகொண்டிருந்தது. துணியைப் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. மூங்கில் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றது. குட்டிக்கரணம் போட்டது. நடத்தல், பொருளைக் கையாளுதல், நடத்தல். ஆடுவது நின்றது. கடித்தலுக்கு நேரான கட்டங்கள் பக்கம் பக்கமாகக் காலியாக இருந்தன. வரைபடத்தில் ஒரு கோடு மேலேயும் ஒரு கோடு கீழேயும் போயின. மேடம் அதைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர், "அச்சா, முதல் தடவையா ஒரு ஸ்டூடண்ட் எழுதினது எனக்குப் புரியுது" என்று இடைக்கால அறிக்கையில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "நீல உறதானே? நாஞ் சொன்னம்லா" என்றாள்.

கை ஆறவில்லை. முதலில் அதை நான் கவனித்துவிட்டுத் தாண்டிப் போனேன். பிறகு தாண்ட முடியவில்லை. என் தாள்களில் கடியே இல்லை. கையில் புண் ஈரமாக இருந்தது. ஞாயிறு விடுமுறை கழித்து நான் போகும் திங்கட்கிழமைகளில் மோசமாக இருந்தது. ஈ மொய்ப்பதால் ஆறாமல் இருக்கும் என்றார் டாக்டர்.

"அக்கா, நான் இல்லாதப்போ கடிக்குதா?"

"நான் பாத்தவரைக்கும் இல்லம்மா. நான் போனாலே எந்திரிச்சு நின்னு கும்பிடுவா. சந்தோசமாத்தான் இருக்கா."

துறையில் ஒரு கேமரா இருந்தது. காட்டில் மரத்தில் கட்டிவைக்கிற வகை. அதை வாங்கிக் கூண்டுக்கு எதிரே தூணில் கட்டினேன். சில நாள் கழித்து எடுத்துவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பார்த்தேன். எதிரே அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

முதல் படத்தில் நான் எழுந்து போகிறேன். குரங்கு துணியோடு நின்றுகொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் துணியைக் கையிலிருந்து விடுகிறது. அது கீழே விழுகிறது. குரங்கு அதைப் பார்க்கவில்லை. மூலைக்குப் போய் உட்கார்ந்து ஆடத் தொடங்குகிறது. கையைத் தூக்குகிறது. நான் ஓட்டிப் பார்த்தேன். மறுபடி கையைத் தூக்குகிறது. இன்னும் ஓட்டினேன். கட்டங்கள் காலியாக இருந்த அத்தனை வாரங்களிலும் நடந்தது இதுதான் என்று புரிந்தது.

அடுத்த நாள் காலைப் படத்தில், கையை வாயில் வைத்திருந்த குரங்கு சட்டென்று நிறுத்துகிறது. காது அசைகிறது. மூலையிலிருந்து ஓடிவந்து துணியை எடுக்கிறது. தலைமேல் போட்டு, தாடைக்குக் கீழே இழுத்து, எழுந்து நிற்கிறது. நின்று காத்திருக்கிறது. படத்தில் வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகுதான் கையில் ஸ்டூலோடு நான் உள்ளே வருகிறேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் பிளாக்குக்கு எதிரே இருந்த திடலுக்கு ஒரு வித்தைக்காரர் வருவார். உடுக்கை அடிப்பார். பாவாடை கட்டிய குரங்கைப் பார்த்து, மாமியார் வீட்டுக்குப் போகிறாயா என்று ஹிந்தியில் கேட்பார். குரங்கு ஒரு துணியைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொள்ளும். தோளில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு இரண்டு காலில் ஒரு சுற்று நடந்துவரும். வராத குரங்குக்கு என்ன கிடைக்கும் என்பது அவர் கையிலிருந்த இன்னொரு குச்சியைப் பார்த்தாலே தெரியும். இது டெல்லியில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளும் பார்த்ததுதான். என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அம்மா கீரையை விட்டுவிட்டு என் பக்கம் வந்து நின்றிருந்தாள்.

"ஆள் வந்தாத்தான் போடுதா?"

"ஆமா."

"அடிப்பாவன்னு நெனச்சா?"

'நினைத்தது' என்று எழுதக்கூடாது. "தெரியலம்மா" என்றேன்.

"அப்ப நீ போகாத."

"போகலன்னா கடிக்கும். பாத்தல்ல."

"போனா இப்படி நிக்கும்."

"ஆமா."

அம்மா திரைப் பக்கம் குனிந்தாள். "அப்ப என்னதாம்ட்டி செய்யணும்?" என்றாள். பிறகு, "அணைச்சிரு" என்றாள்.

செய்ய வேண்டியது என்ன என்பது தெளிவாக இருந்தது. ஆள் பார்த்தால் நடிக்கிறது, ஆள் இல்லாவிட்டால் கடிக்கிறது. ஆளும் இல்லாமல், தனிமையும் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கு வேறு குரங்குகள் வேண்டும். அவை பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தன. மறுநாள் படத்தோடு டாக்டரிடம் போனேன். மேசைமேல் கால் நசுங்கிய நாய் ஒன்று மயக்கத்தில் கிடந்தது. கையுறையைக் கழற்றாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

"வண்டிக்கான பட்டியல் போயாச்சே பேட்டா. இது அதில் இல்லை."

"ஏன் சார்?"

"இது தனியாகவே நல்லாத் தேறிடுச்சுன்னு நீதானே எழுதிக்கொடுத்தே. அதை இணைச்சுத்தான் அனுப்பினேன். தேறின விலங்கை எதுக்கு அசைக்கணும்னு மேலே கேட்டாங்க. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. அனுமதிக்கு எழுதவே இல்லை."

"தேறிடுச்சு, அதனால் சேர்க்கலாம்னுதான் சார் நான் எழுதினேன்."

"தேறிடுச்சுங்கறது முதல் பக்கத்தில் இருந்தது. சேர்க்கலாம்ங்கறது கடைசிப் பக்கத்தில் இருந்தது."

நான் படத்தை மறுபடி காட்டினேன். இப்போது பார்ப்பதுதான் சரி என்றேன்.

"போன தடவையும் அதுதான் சரின்னே. அப்போ எழுதின நீ, இப்போ சொல்ற நீ, ரெண்டு பேரில் நான் யாரை நம்பட்டும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. நாயின் காலுக்குத் திரும்பியபடியே, "எழுதறேன். கோர்ட்டுக்கு எழுதறேன். ஆனால் வண்டிக்கு முன்னால் தேதி வராது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார். எழுதவும் செய்தார். அதை நான் சொல்லத்தான் வேண்டும்.

மேடம் படத்தை இரண்டு முறை பார்த்தார்.

"மிக முக்கியமானது. ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில் ஒரு பத்தி எழுது."

"வரம்பு இல்லை மேடம். முழுக்கத் தவறு."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முழுக்கத் தவறு என்றால் ஆய்வேடு கிடையாது. வரம்பு என்றால் உண்டு. உன் எண்கள் பொய்யில்லை. நீ பார்த்தது நடந்தது. நீ இருந்தபோது நடந்தது என்று மட்டும் சேர்த்துக்கொள்."

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

துணியை எடுத்துவிட்டால் நடிப்பு நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. எடுத்தேன். மறுநாள் நான் போனபோது குரங்கு கூண்டுத் தரையைத் தடவித் தேடியது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துத் தலைமேல் வைத்துப் பார்த்தது. அது வழுக்கி விழுந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றது. நான் எதுவும் கொடுக்கவில்லை, அசையவும் இல்லை, அப்படித்தான் பயிற்சி. அது பல்லை முழுக்க இளித்துக் காட்டியது. பார்க்க வருகிறவர்கள் இதைச் சிரிப்பு என்று நினைத்துப் போட்டோ எடுப்பார்கள். மிரண்டுபோன குரங்கு செய்வது அது. பிறகு அங்கேயே, என் கண்ணெதிரே, கையைக் கடித்தது.

நான் தலையணை உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உடனே போட்டுக்கொண்டது.

கொடுத்து, எடுத்து, மறுபடி கொடுத்ததால் ஆய்வு இன்னும் வலுவாகிவிட்டது என்றார் மேடம். அதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பெயரும் உண்டு.

வண்டி மழைக்குச் சற்று முன்னால் வந்தது. தேதி தள்ளிப்போயிருந்தது. பெட்டிக் கூண்டுகளில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஏற்றுகிறவர்கள், ஜல்தி, ஜல்தி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அக்காவும் நானும் மருமவளின் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றோம். அத்தனை ஆட்களைப் பார்த்ததில் அது முக்காட்டோடு எல்லா வித்தையையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டிருந்தது. ஓட்டுநர் நின்று பார்த்துவிட்டு, "வாஹ், இதையும் ஏத்துங்க பையா, வழியில் பொழுது போகும்" என்றார்.

"இவளுக்கு மட்டும் எடமில்லியா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே, நல்லா இருக்கான்னு. டாக்டர் சொன்னாரு."

"ஆமா."

அக்கா மடியைத் துழாவிக் கடலை எடுத்தார். போடவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "நானுந்தான் சொன்னேன், நல்லா இருக்கான்னு. என்னைய யாரு கேட்டா" என்றார்.

கேமரா இன்னும் தூணில்தான் இருந்தது. வண்டி போன பிறகு இரண்டொரு நாள் அதில் ஒரு சத்தம் பதிவாகியிருந்தது. கூட்டத்தைத் தவறவிட்ட குரங்குகள் தூரத்தில் இருப்பவற்றைக் கூப்பிடும் நீண்ட குரல். வகுப்பில் ஒலிப்பதிவாகக் கேட்டிருக்கிறேன். இந்தக் குரங்கு அதுவரை ஒருமுறைகூட அதைச் செய்ததில்லை. பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும், அல்லது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். காலிக் கூண்டைப் பார்த்துக் கூப்பிட்டது. என் அட்டவணையில் அதற்கும் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிவைத்தேன். பிறகு அந்தச் சத்தம் வரவில்லை.

ஆய்வேடு நன்றாக இருந்தது என்றார்கள். பார்வையாளர் இருப்பதால் நடத்தை எப்படி மாறுகிறது என்பதற்கு அழகான உதாரணம் என்று வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் சொன்னார். அந்தக் குரங்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். அங்கேதான் இருக்கிறது என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

இப்போது நிலைமை இது. நான் தேர்ச்சி பெற்றுவிட்டேன். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. ஒரு கோச்சிங் சென்டரில் உயிரியல் எடுக்கிறேன். அனுமதி மனு நிலுவையில் இருக்கிறது. அனுமதி கிடைத்தாலும் சேர்த்துவைக்க அந்தக் காப்பகத்தில் இப்போது வேறு குரங்கு இல்லை. சனிக்கிழமைகளில் போகிறேன். நான் கூண்டுக்கு எதிரே இருக்கும்வரை குரங்கு தலையில் துணியோடு நிற்கிறது, கடிப்பதில்லை. நீல உறை நைந்துவிட்டதால் அம்மா வேறொன்று கொடுத்திருக்கிறாள். பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து வந்துவிடுகிறேன். கை ஆறவில்லை.